கொடி அறுத்த கை: பேறுகாலப் படிப்பின் சாதி வரலாறு

சென்னை திருவல்லிக்கேணியில் இருக்கிற கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை வயதானவர்கள் இன்றைக்கும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். 1885-இல் அது தொடங்கப்பட்டபோது வைத்த பெயரைத் தமிழில் முழுசாகச் சொன்னால், ‘சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை’. கோஷா என்றால் திரை. திரைக்குப் பின்னால் வாழ வைக்கப்பட்ட பெண்கள், பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். சரி, ‘சாதிப் பெண்கள்’ என்றால் யார்? வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த ஆவணங்களில் ‘சாதி’ என்ற சொல் தனியாக வந்தால் சாதி இந்து என்றுதான் பொருள். சேரிக்காரருக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. சாதியால் நசுக்கப்பட்டவர்களுக்குச் சாதியே கிடையாது, நசுக்கியவர்களுக்கு மட்டும்தான் சாதி உண்டு என்கிற வேடிக்கையான கணக்கு அது.

பிள்ளை பெறுவதற்கென்று கட்டிய ஒரு கட்டடத்தின் பெயரிலேயே ஊரும் சேரியும் பிரிந்து நிற்கின்றன. இதை வெறும் பெயர்ப்பலகை விவகாரமாக விட்டுவிட முடியவில்லை. ஏனென்றால் அந்தக் காலத்தில் இந்தியா முழுக்கப் பிள்ளைப்பேறு பார்த்த கைகளில் பெரும்பகுதி தீண்டத்தகாதவர், ஈனச்சாதி என்று தள்ளப்பட்ட பெண்களின் கைகள். நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பேறு பார்ப்பது தீட்டு வேலையாக இருந்தவரை நம்ம பொம்பளைங்க தலையில் கட்டப்பட்டிருந்தது. அது படிப்பாக, சான்றிதழாக, பட்டமாக மாறியபோது அவர்கள் ஏன் வாசலுக்கு வெளியே நின்றார்கள்?

1. யாருடைய வேலை?

தமிழ்நாட்டு ஊர்களில் மருத்துவச்சி என்றால் பெரும்பாலும் நாவிதர் வீட்டுப் பெண். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ தொகுதிகளும் இதைப் பதிவு செய்திருக்கின்றன. ஆண் சவரமும் வைத்தியமும் பார்ப்பார், பெண் பிரசவம் பார்ப்பார். அறிவுக்கு அறிவு, இழிவுக்கு இழிவு. நோய்க்கும் பேறுகாலத்துக்கும் அந்தக் குடும்பம் வேண்டும். நல்ல காரியத்தில் எதிரே வந்தால் மட்டும் சகுனம் சரியில்லை.

ஆனால் சாதி ஊருக்கு முடிவெட்டிய நாவிதர் சேரிக்கு வரமாட்டார். அவர் வீட்டு மருத்துவச்சியும் வரமாட்டார். அதனால் சேரி தன் பிள்ளைப்பேற்றைத் தானே பார்த்துக்கொண்டது. தெருவுக்கு ஒரு கிழவி இருப்பாள். பாமாவின் ‘சங்கதி’ (1994) படித்தவர்களுக்கு அந்தப் பாட்டியைத் தெரியும். தெருவில் யாருக்கு வலி எடுத்தாலும் ஓடுகிறவள் அவள்தான். புதுச்சேரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூலி வேலையும் செய்து, பிரசவமும் பார்த்து, பாட்டும் பாடிய வீரம்மா என்கிற பறையர் பெண் தன் வாழ்க்கையைத் தமிழில்தான் சொன்னார். ஆனால் அது 1995-இல் பிரெஞ்சில் நூலாகவும், 1997-இல் ஆங்கில நூலாகவும் வந்தது. நம்ம தெரு மருத்துவச்சியின் வாய்ச்சொல் பாரிசுக்குப் போய் அச்சேறியது. இங்கே அவளிடம் யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

வடக்கே போனால் பிரிவினை இன்னும் அப்பட்டமானது. உத்தரப்பிரதேசத்தில் சமார் பெண்கள், மகாராஷ்டிரத்தில் மாங் பெண்கள் சாதி இந்து வீடுகளுக்கே போய்ப் பேறு பார்த்துக் கொடி அறுத்தார்கள். இங்கேயும் எங்கள் தென்னார்க்காட்டுப் பக்கம் சாதிக்காரர் வீட்டுப் பிரசவம் முடிந்ததும் கூப்பாடு வருவது சேரிக்குத்தான். நஞ்சுக்கொடியை எடுத்துப்போய்ப் புதைக்க, ரத்தம் சிந்திய இடத்தைச் சாணி போட்டு மெழுக. பெற்றவளே தீட்டு என்று ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். தீட்டுப்பட்டவளைத் தொடுவதற்கு ஏற்கெனவே தீட்டாக ஆக்கப்பட்டவள் வேண்டும். வேலையின் ஏற்பாடே அதுதான். திறமையைப் பார்த்து யாரும் நம்மைக் கூப்பிடவில்லை.

திறமை இல்லாமலும் இல்லை. வயிற்றைத் தடவிப் பார்த்துத் தலை எந்தப் பக்கம் என்று சொல்வது, பொய்வலியையும் மெய்வலியையும் பிரித்தறிவது, மல்லாக்கப் படுக்கப் போடாமல் குந்த வைத்துப் பெறவைப்பது, நஞ்சு விழும்வரை கொடியை அறுக்காமல் பொறுத்திருப்பது. பிள்ளை பிறந்த உடனே கொடியை இறுக்கிக் கட்டாதே, ஒரு நிமிஷமாவது பொறு என்று உலக சுகாதார நிறுவனம் இப்போது சொல்கிறது. என் பெரியம்மா இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன காரணம் வேறு: “ரத்தம் இன்னும் புள்ளைக்குப் போயிட்டிருக்குடி, பறிச்சிக்கிட்டா பாவம்.” காரணம் வேறா என்று யோசித்தால், இல்லை, அதேதான்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அறுவாளாலும் மூங்கில் சிம்பாலும் கொடி அறுத்தார்கள். அறுத்த இடத்தில் சாம்பலும் சாணியும் வைத்தார்கள். எத்தனையோ பிள்ளைகள் ஜன்னி கண்டு செத்தன. குறுக்கே கிடந்த பிள்ளையை எடுக்கத் தெரியாமல் தாயும் பிள்ளையும் சேர்ந்து போனதுண்டு. அந்தக் காலம் பொற்காலம் என்று பாட நமக்கு ஒரு தேவையும் இல்லை. கூலி என்ன? ஒரு முறம் நெல், வெற்றிலை பாக்கு, ஒரு பழஞ்சீலை. அதையும் தூக்கித்தான் போடுவார்கள், கையில் தரமாட்டார்கள். சற்று முன்புதான் அந்தக் கை அவர்கள் வீட்டுப் பிள்ளையை உலகத்துக்கு வாங்கியிருந்தது.

2. படிப்பு வந்தது

சென்னையில் பிரசவத்துக்கென்று தனி மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. இன்றைய எழும்பூர் தாய்சேய் மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்ததுதான். 1854-இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தரும் பள்ளிக்கு அரசு ஒப்புதல் தந்தது. இந்தியாவில் பேறுகாலப் படிப்பின் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த ஆண்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் பல நூறு வருஷம் நடந்ததெல்லாம் வரலாற்றுக்கு முந்திய காலம் போலிருக்கிறது.

மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலப் பெண்மணி சென்னையில் முதலில் பேறுகால மருத்துவம் கற்றார். பிறகு 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தபோது நுழைந்த நால்வரில் ஒருவரானார். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று சாகவிடப்பட்ட பெண்களைப் பார்த்துத்தான் அவர் படிக்க வந்தார். பின்னால் கோஷா ஆஸ்பத்திரியை உருவாக்கியதில் முன்னின்றவரும் அவரே. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கதவு எந்த உயரத்தில் திறந்தது என்று பார்க்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு, வீட்டை விட்டு விடுதியில் தங்க முடிந்தவர்களுக்குத் திறந்தது. தொடக்க காலத்தில் பயிற்சி பெற்ற செவிலியரும் மருத்துவச்சிகளும் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறித்தவர்.

அந்த இந்தியக் கிறித்தவர்களில்தான் நமக்கு ஒரு கீற்று வெளிச்சம் கிடைக்கிறது. அந்நிய உடம்பைத் தொடுவது, ரத்தம் துடைப்பது, மலம் எடுப்பது என்று சாதி இந்துக் குடும்பங்கள் செவிலியர் வேலையைக் கேவலமாகப் பார்த்தன. தங்கள் பெண்களை அனுப்பவில்லை. மிஷன் பள்ளியில் எழுத்துக் கற்ற, மதம் மாறிய தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண்கள் அந்த இடைவெளியில் நுழைந்தார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். இப்படிப்பட்ட மிஷன் மருத்துவமனைகள் வழியாகத்தான் சேரியிலிருந்து முதல் சான்றிதழ்கள் வந்தன. 1950-இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்று எழுதினார்கள். 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்கள் இன்னும் வெளியேதான். ஆக, நம்மில் முதலில் படித்து வெள்ளை உடுப்புப் போட்ட பெண்களின் பேத்திகள் கணக்கேட்டில் நம்மவர்களே இல்லை.

3. அழுக்குக் கை எது?

1885-இல் டஃப்ரின் சீமாட்டியின் பெயரால் பெண்களுக்கு மருத்துவ உதவி தரும் நிதியம் தொடங்கியது. 1903-இல் கர்சன் சீமாட்டி விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியத்தை ஆரம்பித்தார். ‘தாயி’ என்று வடக்கே அழைக்கப்பட்ட பரம்பரை மருத்துவச்சிகளுக்குப் பாடம் சொல்லித் தருவது அதன் நோக்கம். 1918-இல் அந்த நிதியத்தின் பதினைந்தாண்டு வேலையைப் பற்றிய அறிக்கை வந்தது. அதில் தாயி அழுக்கானவள், மூடநம்பிக்கைக்காரி, திருந்தாதவள் என்கிற பேச்சு மண்டிக்கிடக்கிறது. 1927-இல் கேதரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண் ‘இந்தியத் தாய்’ என்று ஒரு நூல் எழுதி, அதே தாயியின் அழுக்கு விரல்களை உலகத்துக்கே காட்டினார்.

தேசியவாதிகள் கொதித்தார்கள். காந்தி அந்த நூலைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்றார். கவனியுங்கள், வசை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று. சாக்கடையைப் பார்ப்பதே இழிவு என்று நினைத்தால்தான் அது வசை. தமிழில் கோவை அ. அய்யாமுத்து ‘மேயோ கூற்று மெய்யா பொய்யா’ என்று எழுதியதுபோல, நிலைமை உண்மைதானே என்று கேட்டவர்கள் சிலரே. ஆனால் மேயோவும் சரி, மேயோவைத் திட்டியவர்களும் சரி, ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கை கழுவத் தண்ணீர் எடுக்கப் பொதுக்கிணற்றை அவளுக்கு விட்டார்களா? மாற்றுச் சீலை வாங்கக் கூலி கொடுத்தார்களா? வீட்டிலேயே மோசமான, இருண்ட மூலையில் பெற்றவளைப் போட்டது யார்? அழுக்கை அவள்மேல் ஏற்றிவிட்டு, அழுக்காக இருக்கிறாள் என்று புத்தகம் போட்டார்கள்.

அழுக்குக் கை என்பதைப் பற்றி மருத்துவ வரலாறே வேறொரு கதை சொல்கிறது. வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பேறு பார்த்தார்கள், மற்றதில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்ற பெண்கள். மாணவர் பிரிவில்தான் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். பிணம் அறுத்த கையோடு வந்து அவர்கள் பிரசவம் பார்த்ததுதான் காரணம் என்று செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847-இல் கண்டார். குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்ததும் சாவு குறைந்தது. பெரிய மருத்துவர்கள் அவரை ஏற்கவில்லை. கனவான்களின் கை அழுக்காக இருக்கும் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? அந்த மருத்துவர்களைத் தொழிலை விட்டு யாரும் துரத்தவில்லை. கை கழுவக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். நம்ம கிழவிகளுக்கும் அவ்வளவுதான் தேவைப்பட்டது.

4. சட்டம் இரண்டு விதம்

மருத்துவச்சி வேலைக்குப் பதிவும் சான்றிதழும் வேண்டும் என்கிற சட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல நாடுகளில் வந்தன. படிக்காத பழைய மருத்துவச்சியை என்ன செய்வது என்ற கேள்வி எல்லா இடத்திலும் எழுந்தது. பதில்கள் ஒரே மாதிரி இல்லை.

இங்கிலாந்தில் 1902-இல் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. அது ஒரு வழி விட்டது. ஓராண்டாவது நேர்மையாக இந்தத் தொழில் செய்து வந்தவள், நல்ல நடத்தை உள்ளவள் என்று காட்டினால் போதும். தேர்வு எழுதாமலே பதிவேட்டில் பெயர் ஏறும். 1905-இல் பதிவானவர்களில் பாதிக்கு மேல் இப்படி வந்த தொழிலாளி வர்க்கத்துப் பெண்கள். அவர்கள் வயதாகி ஓய்வு பெற்றபின், படித்த தலைமுறை வந்தது. இன்று அங்கே மருத்துவச்சி ஆக மூன்றாண்டுப் பட்டப் படிப்பு இருக்கிறது. செவிலியர் படிப்பு வழியாகப் போக வேண்டியதில்லை, நேரே சேரலாம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கதை வேறு. அடிமை முறைக் காலத்திலிருந்தே கறுப்பின மக்களின் பிரசவத்தை, பல வெள்ளையர் வீட்டுப் பிரசவத்தையும்கூட, கறுப்புப் பாட்டிகள்தான் பார்த்தார்கள். 1921-இல் தாய்சேய் நலச் சட்டம் வந்தபின் அவர்களைப் பதிவு செய்தார்கள், வகுப்பெடுத்தார்கள், பையைத் திறந்து சோதித்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உரிமத்தைப் பிடுங்கினார்கள். கறுப்புச் செவிலியருக்கு முறையான பேறுகாலப் படிப்புத் தர 1941-இல் அலபாமாவின் டஸ்கிகீயில் ஒரு பள்ளி திறந்தார்கள். 1946-இல் மூடிவிட்டார்கள். பாட்டிக்கும் இடமில்லை, பேத்திக்கும் படிப்பில்லை. மொபைல் நகரத்து ஆனி லீ லோகன் என்ற கறுப்பு மருத்துவச்சி சொன்ன தன் வரலாறு 1989-இல் நூலாக வந்தது. நம்ம வீரம்மாவோடு பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய நூல் அது.

சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் 1926-இல் வந்தது. இங்கே நடந்தது அமெரிக்கா மாதிரியா, இங்கிலாந்து மாதிரியா? அதற்கு விடை விடுதலைக்குப் பிறகான ஆண்டுகளில் இருக்கிறது.

5. எட்டு, பத்து, பன்னிரண்டு

1947-இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் கிராமத்துக்கென்று துணைச் செவிலியர்-மருத்துவச்சி, அதாவது ஏ.என்.எம். படிப்பை ஆரம்பித்தார்கள். நம்ம ஊர்களில் ‘நர்சம்மா’ என்று சொல்வோமே, அவர்கள். சேர ஏழாவது அல்லது எட்டாவது படித்திருக்க வேண்டும். சின்னத் தகுதிதானே என்று தோன்றும். 1961 கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியா முழுவதும் பட்டியல் சாதிப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 3.29. எட்டாவது படித்தவர்கள் அல்ல, தன் பெயரை எழுதி வாசிக்கத் தெரிந்தவர்களே அவ்வளவுதான்.

1973-இல் கர்தார் சிங் குழு அறிக்கை வந்து, 1977-இல் ஏ.என்.எம். பாடத்திட்டத்தை மாற்றியபோது தகுதி பத்தாவதாக உயர்ந்தது. 1981-இல் பட்டியல் சாதிப் பெண்களின் எழுத்தறிவு 10.93 விழுக்காடு. பின்னால் தகுதி பன்னிரண்டாவது ஆனது. 2011-இல்தான் நம் பெண்களின் எழுத்தறிவு பாதியைத் தாண்டி 56-ஐத் தொட்டது. ஒவ்வொரு முறையும் நாம் ஒரு படி ஏறும்போது வாசல் இன்னொரு படி மேலே போயிருக்கிறது. தகுதியை உயர்த்தாதே என்று நான் சொல்லவில்லை. நம் பெண்ணும் நன்றாகப் படித்தவள் கையில்தான் பிள்ளை பெற வேண்டும். உயர்த்தும்போது அந்தப் படி வரைக்கும் நம்மைக் கொண்டுவர என்ன செய்தாய் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொரு பக்கம், பழைய மருத்துவச்சிகளுக்கு 1970-களின் இறுதியில் நாடு தழுவிய பயிற்சித் திட்டம் ஒன்று வந்தது. முப்பது வேலை நாள். மொத்தமும் 300 ரூபாய். முடித்தால் ஒரு சான்றிதழ், ஒரு பெட்டி. பெட்டிக்குள் பிளேடு, நூல், சோப்பு இந்த மாதிரிச் சாமான். நூறு பிரசவம் பார்த்த கிழவிக்கும் புதிதாகக் கற்றவளுக்கும் அதே முப்பது நாள். அந்தச் சான்றிதழிலிருந்து ஏ.என்.எம். படிப்புக்குப் போகப் படிக்கட்டு கிடையாது. அவள் மகளுக்கு முன்னுரிமையும் கிடையாது. 2005-இல் ஜனனி சுரக்ஷா திட்டம் வந்து மருத்துவமனைப் பிரசவத்துக்குப் பணம் தரத் தொடங்கியபின் அந்தக் கிழவிகள் தேவைப்படவில்லை. ‘திறன்பெற்ற பேறுகாலப் பணியாளர்’ என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைக்குள் அவர்கள் வரவில்லை.

மருத்துவமனைப் பிரசவம் நம் பெண்களைக் காப்பாற்றியது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2018-20 கணக்கில் இந்தியாவில் ஒரு லட்சம் பிள்ளைப் பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54. இந்த எண் இறங்கியதில் கிராமத்து நர்சம்மாக்களின் கால் தேய்ந்த நடை இருக்கிறது. ஆனால் வேலை மருத்துவமனைக்குள் இடம் மாறியபோது சாதியும் கூடவே இடம் மாறியது. பிரசவ அறையில் பிள்ளையை வாங்குகிறவர் படித்தவர். தரையில் கிடக்கிற ரத்தத்தைத் துடைக்கிறவர், நஞ்சுக்கொடி வாளியைத் தூக்குகிறவர் யார்? எந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கொடி அறுக்கும் வேலை நம்மிடமிருந்து போய்விட்டது, கொடி அள்ளும் வேலை மட்டும் மிச்சம்.

6. மாட்டோம் என்றவர்கள்

இந்த இடத்தில் கிழக்கு உத்தரப்பிரதேசத்தை நினைக்க வேண்டும். 1950-களில் அங்கே சமார் மக்கள் ‘நாரா-மவேஷி’ என்று ஒரு போராட்டம் தொடங்கினார்கள். நாரா என்றால் தொப்புள்கொடி. மவேஷி என்றால் கால்நடை. செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று ஆண்கள் சொன்னார்கள். கொடி அறுக்க மாட்டோம் என்று பெண்கள் சொன்னார்கள். பத்ரி நாராயண் போன்ற ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். சாதிக்காரர்கள் அடித்தார்கள், வயலில் கால் வைக்கவிடாமல் மறித்தார்கள். ஆனாலும் ஊர் ஊராகப் பரவியது.

மருத்துவச்சி அறிவைப் போற்ற வேண்டும் என்று பேசுகிற நகரத்து நண்பர்கள் சிலருக்கு இது சங்கடமாக இருக்கிறது. பாரம்பரிய அறிவை அந்தப் பெண்களே கைவிட்டுவிட்டார்களே என்கிறார்கள். அவர்கள் கைவிட்டது அறிவை அல்ல. கட்டாயத்தை. ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் போயாக வேண்டும், போனால் கொல்லைப்புறமாக நுழைய வேண்டும், முடிந்ததும் தொட்ட இடத்தையெல்லாம் கழுவிவிடுவார்கள் என்கிற ஏற்பாட்டை. விரும்பிச் செய்யாத வேலையை, மறுக்க முடியாத வேலையை எப்படித் தொழில் என்று சொல்வது? மறுக்கும் உரிமை கிடைத்த பிறகுதான் ஒரு வேலை தொழிலாகிறது. அதனால் கொடி அறுக்க மாட்டேன் என்று அன்றைக்கு அங்கே சொன்ன பெண்ணும், பட்டம் படித்து மருத்துவச்சி ஆவேன் என்று இன்றைக்கு இங்கே சொல்கிற பெண்ணும் எதிரெதிரே நிற்கவில்லை. முன்னவள் மறுத்திருக்காவிட்டால் பின்னவளுடைய ஆசையைச் சாதித்தொழில் என்று சொல்லி எல்லோரும் ஒதுக்கியிருப்பார்கள்.

7. பட்டம்

இந்தியாவில் மருத்துவச்சிக்கென்று தனியாக நேரே சேரும் பட்டப் படிப்பு இல்லை. பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம் படித்து முடித்தால் செவிலியர், மருத்துவச்சி என்று இரண்டு பெயரிலும் பதிவு கிடைக்கும். இந்தப் பட்டம் 1946-இல் தில்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. பல ஆண்டுகள் நடப்பிலிருந்த பாடத்திட்டத்தில் மாணவி ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். 30 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து எழுதணும். 20 சுகப்பிரசவம் தன் கையால் பார்த்து எழுதணும். இருபது. சேரிக் கிழவி ஒரு வருஷத்தில் பார்த்தது. ஆனால் மாணவியின் இருபதுக்குப் பின்னால் உடற்கூறு இருக்கிறது, ரத்த அழுத்தம் பார்க்கத் தெரிகிறது, எந்த நிமிஷம் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்கிற தெளிவு இருக்கிறது. கிழவிக்கு இது வாய்த்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும்!

இப்போது நம் பெண்கள் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். நிறைய வருகிறார்கள். வந்தபின் என்ன நடக்கிறது என்று விடுதிகளில் உட்கார்ந்து கேட்டால் தெரியும். தமிழ்வழியில் பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு முதல் வருஷமே உடற்கூறு முழுக்க ஆங்கிலத்தில். புரியவில்லை என்றால் ‘கோட்டா’ என்று முதுகுக்குப் பின்னால் பேச்சு. தனியார் கல்லூரியில் கட்டணம். தமிழ்நாடு அரசு 2012-இல் போட்ட அரசாணை 92, பட்டியல் சாதி, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தைத் தனியார் கல்லூரியிலும் அரசே ஏற்கும் என்றது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறியவர்களுக்குத் தெரியும், ஆணைக்கும் சேர்க்கைக்கும் நடுவே எத்தனை மேசை இருக்கிறது என்று. உதவித்தொகை வரத் தாமதமானால் மூலச் சான்றிதழைக் கொடுக்காமல் பிடித்து வைப்பது, தேர்வு நுழைவுச் சீட்டை நிறுத்துவது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவி மூன்றாம் வருஷத்தில், பிரசவ அறைப் பயிற்சி நேரத்தில் படிப்பை விட்டாள். பதினோரு பிரசவம் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிறாள். அவள் ஆத்தா தெருவுக்கே பேறு பார்த்தவள்.

இது ஒரு குடும்பத்தின் சோகம் மட்டும் இல்லை. 2018-இல் ஒன்றிய அரசு மருத்துவச்சிச் சேவை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பட்டமோ பட்டயமோ முடித்து அனுபவம் பெற்ற செவிலியருக்கு 18 மாதம் கூடுதல் பயிற்சி தந்து, சுகப்பிரசவத்தைத் தானே முன்னின்று நடத்தும் மருத்துவச்சியாக ஆக்குவது திட்டம். 2023-இல் பழைய கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய செவிலியர், மருத்துவச்சி ஆணையச் சட்டம் நிறைவேறியது. அரசுக்கு ஏன் திடீரென்று மருத்துவச்சி ஞாபகம் வந்தது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு கிட்டத்தட்ட 45 பிரசவம் சிசேரியன். இந்தியா முழுக்க 21.5. கத்திக்கு வேலை கூடிவிட்டது. பொறுத்திருந்து, குந்த வைத்து, கை பிடித்துப் பெறவைக்கிற பெண் மறுபடியும் தேவைப்படுகிறாள். இந்த முறை மதிப்போடு, சம்பளத்தோடு, பட்டத்தோடு.

தீட்டாக இருந்தபோது நம்முடையது, மதிப்பு வந்ததும் அடுத்தவருடையது என்பது பறைக்கும் நடந்தது, சதிராட்டத்துக்கும் நடந்தது. மருத்துவச்சித் தொழில் இப்போது அந்த வாசலில் நிற்கிறது. அதனால் நாம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. புதிய பேறுகாலப் பயிற்சிக்கு எடுக்கும் ஒவ்வொரு தொகுதியிலும் இட ஒதுக்கீடு எப்படி நிரப்பப்பட்டது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உதவித்தொகை வரவில்லை என்று ஒரு மாணவியையும் பிரசவ அறையிலிருந்து வெளியே அனுப்பக் கூடாது. முதல் வருஷம் தமிழில் துணைப்பாடம் வேண்டும். பாடப்புத்தகத்தில் பேறுகாலப் படிப்பின் வரலாறு 1854-இல் தொடங்கக் கூடாது. அதற்கு முன் யார் கை இந்த நாட்டுப் பிள்ளைகளை வாங்கியது என்று எழுதி, அதன் பிறகு 1854-க்கு வரட்டும். தெருவில் இன்னும் உயிரோடு இருக்கிற பேறு பார்த்த கிழவிகளிடம் நம் மாணவிகள் போய் உட்கார்ந்து கேட்டு எழுதட்டும். எது உதவியது, எது கொன்றது என்று இரண்டையும் எழுதட்டும்.

செவிலியர் படிப்புக்கு விண்ணப்பம் போடுகிற நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதுகிறீர்கள். பாட்டியின் தொழிலை எழுத அதில் இடமே இல்லை. ஆனால் உங்களில் பலருடைய பாட்டி அந்தப் படிப்பைப் பள்ளிக்கூடம் இல்லாமலே பாதி படித்து முடித்தவள். மிச்சப் பாதியைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அதைச் சலுகை என்று யார் சொன்னாலும் தலையைக் குனியாதீர்கள்.